பொருள் தெரிந்தும் கை தவறுவது ஏன்? ஆங்கிலத்தில் குழப்பும் சொல்ஜோடிகள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அடிக்கடி குழம்பும் ஆங்கிலச் சொற்கள் என்று நூறு ஜோடி கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டீர்கள். லெண்ட் என்றால் என்ன, பாரோ என்றால் என்ன என்று யாராவது கேட்டால் டக்கென்று சொல்லிவிடுகிறீர்கள். ஆனால் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்ததும் சே வர வேண்டிய இடத்தில் டெல், பை வர வேண்டிய இடத்தில் அன்டில், அஃபெக்ட் வர வேண்டிய இடத்தில் எஃபெக்ட் என்று மாறி விழுகிறது. இதைவிட நல்ல பட்டியல் இருந்தால் கொடுங்கள் என்று முடித்திருக்கிறீர்கள். இன்னொரு பட்டியல் கையில் கிடைத்தாலும் இதே கதைதான் நடக்கும். பொருள் தெரிந்த சொல் எழுதும் நேரத்தில் ஏன் மாறிப்போகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதே உங்கள் உண்மையான சிக்கல் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் பட்டியல் மீதே ஒரு குறை இருக்கிறது. ஒன்றுபோல இருக்கும் இரண்டு புதிய சொற்களை ஒரே நாளில் அக்கம்பக்கமாக வைத்துப் படித்தால் எது எது என்பது மனதில் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகும். டிங்காம் என்ற ஆய்வாளர் 1993இல் இதைச் சோதித்தார். புதிதாக உருவாக்கிய சொற்களைப் பொருளோடு கொடுத்துக் கற்கச் செய்தபோது சட்டை, ஜாக்கெட், ஸ்வெட்டர் என்று ஒரே வகைப் பொருள்களைக் கற்றவர்கள் மழை, கார், தவளை என்று தொடர்பில்லாதவற்றைக் கற்றவர்களைவிட அதிக முறை முயல வேண்டியிருந்தது. 1997இல் வேரிங் என்பவர் ஜப்பானிய மொழி பேசுபவர்களிடம் இதைத் திரும்பச் செய்து ஏறத்தாழ அதே முடிவைக் கண்டார். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. குறிப்பாக, மொழியில் ஏற்கெனவே ஓரளவு தேறியவர்களுக்கும் இது அதே அளவு பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் கற்பிப்பவர்கள் நடைமுறையில் பின்பற்றுவது இதுதான்: இரண்டில் அதிகம் பயன்படும் சொல்லை முதலில் தனியாக ஊன்ற வைப்பது, அது தயங்காமல் வரும்வரை மற்றதைத் தொடாமல் இருப்பது. உங்களுக்கு இரண்டும் ஏற்கெனவே கலந்துவிட்டதால் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஜோடியில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். மற்றது தேவைப்படும் இடத்தில் வாக்கியத்தையே மாற்றிவிடுங்கள். பாரோவைத் தவிர்க்க வேண்டுமா, கேன் ஐ யூஸ் யுவர் பென் என்று கேட்டால் வேலை முடிந்தது.

பட்டியலின் இரண்டாவது குறை இன்னும் பெரியது. வெவ்வேறு காரணத்தால் குழம்பும் சொற்களை அது ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. லெண்ட், பாரோ குழம்புவதற்குக் காரணம் தமிழ் அந்தப் பொருளை வேறு விதமாகப் பிரித்து வைத்திருப்பது. அட்வைஸ் என்ற பெயரும் அட்வைஸ் என்ற வினையும் குழம்புவதற்குக் காரணம் நம் காதும் எழுத்தும். லெஸ், ஃபியூவர் குழம்புவதற்குக் காரணம் ஆங்கிலம் பேசுபவர்களே அதில் ஒத்துப்போகாதது. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் எதுவும் குணமாகாது.

முதல் வகைதான் தமிழ் பேசுபவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது, அதனால் இதிலேயே கொஞ்சம் நிற்கிறேன். இரவல் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாங்கு, கொடு என்று துணைக்கு ஒரு வினையைச் சேர்த்து நாம் திசையைக் காட்டுகிறோம். ஆங்கிலம் திசையை வினைக்குள்ளேயே அடைத்துவிட்டது. பொருள் என்னிடமிருந்து போனால் லெண்ட், என்னிடம் வந்தால் பாரோ. கேன் யூ பாரோ மீ யுவர் பென் என்ற பிழை இரவல் என்ற பொதுப்பகுதியை மட்டும் மொழிபெயர்ப்பதால் பிறக்கிறது. இங்கே பொருளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பயனில்லை. சொல்லோடு ஒட்டி வரும் சட்டகத்தைப் படிக்க வேண்டும். லெண்ட் என்றால் உடனே ஓர் ஆள் வரும், பிறகு பொருள் வரும்: லெண்ட் மீ யுவர் பென். பொருள் முன்னால் வந்தால் ஆளுக்கு முன் டூ வரும். பாரோ என்றால் பொருள் உடனே வரும், ஆள் கடைசியில் ஃப்ரம் பிடித்துக்கொண்டு வருவார்: பாரோ எ பென் ஃப்ரம் ஹிம். பாரோவுக்குப் பக்கத்தில் மீ வந்தாலே அது தவறு என்று கண் சொல்லிவிட வேண்டும். ஒரு சிறு குறிப்பு: பணம் கொடுப்பதற்கு அமெரிக்க ஆங்கிலத்தில் லோன் என்பதை வினையாகவும் பயன்படுத்துவார்கள். பிரிட்டிஷ் நடையைப் பின்பற்றுபவர்கள் பலர் அதைப் பெயராகவே வைத்துக்கொள்கிறார்கள்.

பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை நினைவிருந்தால் இன்னொரு கொத்துச் சொற்களை ஒரே வீச்சில் தீர்க்கலாம். கல் தன்வினை, கற்பி பிறவினை. ஆங்கிலத்தில் லேர்ன், டீச். எழு, எழுப்பு; ரைஸ், ரெய்ஸ். கிட, கிடத்து; லை, லே. நினைவுகொள், நினைவூட்டு, ரிமெம்பர், ரிமைண்ட். பிறவினைக்கு அடுத்து யாரை அல்லது எதை என்ற கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும், தன்வினை நான்கில் ரைஸுக்கும் லைக்கும் அது வரவே கூடாது. ரிமெம்பருக்கும் லேர்னுக்கும் செயப்படுபொருள் வரலாம், ஆனால் அது நினைவில் இருக்கும் விஷயம், கற்கும் விஷயம். நினைக்க வைக்கப்படும் ஆள் அங்கே வரமாட்டார். ஆகவே ரிமெம்பர் மீ டு கால் ஹிம் தவறு, ரிமைண்ட் மீ டு கால் ஹிம் சரி. ரிமெம்பர் மீ டு யுவர் மதர் என்று பழைய நடையில் ஒரு தொடர் உண்டு. உங்கள் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று அதற்குப் பொருள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லை, லே ஜோடியில் ஒரு குழி இருக்கிறது: லை என்பதன் இறந்தகால வடிவமே லே. லை, லே, லெய்ன் ஒரு வரிசை. லே, லெய்ட், லெய்ட் இன்னொரு வரிசை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பேச்சில் இதில் சறுக்குகிறார்கள், அதனால் உங்கள் நேரத்தை இதில் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை.

காலம் குறிக்கும் சொற்களில் நிலைமை வேடிக்கையானது. தமிழிலேயே தெளிவான பிரிவு இருக்கிறது, அதை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஐந்து மணி வரை இருப்பேன் என்றால் அன்டில் அல்லது டில். ஐந்து மணிக்குள் அனுப்புவேன் என்றால் பை. வரைக்கு அன்டில், க்குள்ளுக்கு பை என்று இரண்டு உருபுகளையும் நேரடியாகக் கோத்துவிட்டால் பாதிப் பிழை போய்விடும். மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்றால், க்குள் என்றதும் பலருக்கு விதின் என்ற சொல் முந்திக்கொள்கிறது. விதின் ஃபைவ் ஓ கிளாக் என்று எழுதுகிறார்கள். தமிழில் ஐந்து மணிக்குள் என்பதும் சரி, இரண்டு மணி நேரத்துக்குள் என்பதும் சரி. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்திருக்கிறது. கடிகாரத்திலோ நாட்காட்டியிலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளி என்றால் பை. நீளம் என்றால் விதின். பை ஃபைவ், பை மண்டே, பை த எண்ட் ஆஃப் மார்ச். விதின் டூ அவர்ஸ், விதின் எ வீக். இன் டூ அவர்ஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் கழித்து என்று புரிந்துகொள்வார்கள், அதைக் க்குள் என்ற பொருளில் கெடுவாக எழுதினால் சண்டைதான் வரும்.

அன்டிலோடு தமிழ் எதிர்மறையும் சேர்ந்துகொண்டு இன்னொரு பிழை செய்கிறது. அவர் வராதவரை தொடங்க முடியாது என்பது நல்ல தமிழ். அதை அப்படியே தூக்கிப்போட்டு வீ கேனாட் ஸ்டார்ட் அன்டில் ஹி டஸ் நாட் கம் என்று எழுதினால் அவர் வராமல் போகும் கணம்வரை தொடங்க முடியாது என்று ஆகிவிடும். அன்டிலுக்குள்ளேயே அந்த எதிர்மறை அடங்கியிருக்கிறது. அன்டில் ஹி கம்ஸ் போதும்.

சின்ஸ், ஃபார் ஜோடிக்கும் உருபு வழிகாட்டும். திங்கட்கிழமையிலிருந்து, சின்ன வயதிலிருந்து என்று இலிருந்து வந்தால் சின்ஸ். இரண்டு நாளாக, ஐந்து வருஷமாக என்று ஆக வந்தால் ஃபார். தமிழில் யாரும் இரண்டு நாளிலிருந்து காத்திருக்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. ஆனாலும் சின்ஸ் டூ டேஸ் என்று எழுதுகிறோம். இந்தப் பிழையை வெறும் தமிழ்ப் பாதிப்பு என்று சொல்ல முடியாது. ஹேவ் பீன் பாடத்தில் இரண்டையும் ஒரே நாளில் அக்கம்பக்கமாகக் கற்றதும் ஒரு காரணம் என்பது என் ஊகம், மேலே சொன்ன ஆய்வுகளோடு அது பொருந்துகிறது. முன் என்ற சொல்லும் இப்படித்தான். இரண்டு நாளுக்கு முன் என்பதை இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் டூ டேஸ் ஏகோ. எண்ணும் இடம் கடந்தகாலத்தில் வேறொரு நிகழ்ச்சியாக இருந்தால் டூ டேஸ் பிஃபோர் த மீட்டிங். பிஃபோர் டூ டேஸ் என்று முன்னால் போடுவது நம்மவர்கள் எழுத்தில் அடிக்கடி தென்படும் வரிசைப் பிழை.

சே, டெல் ஜோடிக்குப் பொருளில் வித்தியாசம் தேடுவது வீண். இரண்டும் சொல்வதுதான். வித்தியாசம் அடுத்த சொல்லில் இருக்கிறது. டெல்லுக்கு அடுத்து கேட்கும் ஆள் வந்தாக வேண்டும்: ஹி டோல்ட் மீ தட். சேவுக்கு அடுத்து ஆள் வரக்கூடாது. வந்தே தீர வேண்டுமென்றால் டூ போட்டு வரலாம்: ஹி செட் டு மீ. ஆகவே ஹி டோல்ட் தட், ஹி செட் மீ இரண்டும் தவறு. டெல் எ லை, டெல் த ட்ரூத், டெல் எ ஸ்டோரி, டெல் த டைம் போன்ற சில தொடர்களில் மட்டும் டெல் ஆளில்லாமல் வரும், அவற்றைத் தொடராகவே பழகிவிடுங்கள். ஒருவரைச் செய்யச் சொல்வதென்றால் டெல்தான்: டெல் ஹிம் டு கம்.

கேள், பார், இன்னும் ஆகிய மூன்று தமிழ்ச் சொற்களைத் தனியாகக் கவனிக்கச் சொல்வேன், ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் மூன்றாக உடைகிறது. கேட்டேன் என்பது வினவினேன் என்றால் ஆஸ்க்ட், காதில் விழுந்தது என்றால் ஹேர்ட், காது கொடுத்தேன் என்றால் லிசன்ட் டு. லிசனுக்குப் பின்னால் டூவை விட்டுவிடுவது பலருக்குப் பழக்கம். பார் என்பதில் கண்ணில் பட்டது சீ, கண்ணைத் திருப்பியது லுக் அட், நகர்கிற அல்லது மாறுகிற ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பது வாட்ச். தொலைக்காட்சிக்கு வாட்ச், திரையரங்கில் படம் பார்ப்பதற்கு சீ, வாட்ச் இரண்டும் புழங்கும். இன்னும் வரவில்லை என்றால் யெட், இன்னும் தூங்குகிறான் என்றால் ஸ்டில், இன்னும் கொஞ்சம் என்றால் மோர். வசதி என்பது உட்கார நாற்காலி என்றால் கம்ஃபர்டபிள், சந்திக்க நேரம் என்றால் கன்வீனியண்ட்.

இனி இரண்டாம் வகை, காதும் எழுத்தும் சேர்ந்து செய்யும் குழப்பம். தமிழில் ஸ் ஒலிக்கும் ஆங்கில இசட் ஒலிக்கும் பொருள் வேறுபாடு கிடையாது, எழுத்திலும் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறோம். அதனால் அட்வைஸ் பெயரா வினையா, லூஸ் என்றால் தளர்ந்ததா தொலைப்பதா, ப்ரைஸ் என்றால் விலையா பரிசா என்பதைக் காது பிரித்துத் தராது. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு ஒலிகள். பெயரான அட்வைஸ் சியோடு எழுதப்பட்டு வெறும் காற்றாக முடியும். வினையான அட்வைஸ் எஸ்ஸோடு எழுதப்பட்டு அதிர்வோடு, இசட் ஒலியாக முடியும். தொண்டையில் இரண்டு விரலை வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள். வினையின் கடைசியில் விரலுக்கு அதிர்வு தெரிய வேண்டும். இன்னொரு அடையாளமும் உண்டு: அதிரும் ஒலிக்கு முன்னால் வரும் உயிரொலி கொஞ்சம் நீண்டு ஒலிக்கும். ஆகவே வினையில் அந்த ஐ சற்றே இழுபடும். கடைசி ஒலி பிடிபடாதபோதும் இந்த நீளத்தைக் காது பிடித்துவிடும். லூஸில் உயிரொலி ஒன்றேதான்: தொலைப்பது ஒற்றை ஓ, கடைசியில் இசட் ஒலி, தளர்ந்தது இரட்டை ஓ, கடைசியில் ஸ் ஒலி. ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டையும் இதோடு சேர்க்காதீர்கள். பிரிட்டிஷ் எழுத்தில் பெயருக்குச் சி, வினைக்கு எஸ். ஒலி ஒன்றேதான். அமெரிக்க எழுத்தில் ப்ராக்டிஸுக்கு எப்போதும் சி, லைசென்ஸுக்கு எப்போதும் எஸ். எந்த எழுத்து முறை என்று முதலில் முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள்.

அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் முதல் உயிரொலி தேய்ந்துவிடுகிறது. வேகமான பேச்சில் தாய்மொழிக்காரர்களுக்கே வித்தியாசம் கேட்பதில்லை. பாதிப்பது என்ற வினைக்கு ஏ, விளைவு என்ற பெயருக்கு ஈ என்று வைத்துக்கொண்டால் நீங்கள் எழுதும் பெரும்பாலான வாக்கியங்களுக்குப் போதும். முன்னால் த அல்லது ஆன் போட முடிந்தால் ஈ. விதிவிலக்கு இரண்டு: எஃபெக்ட் எ சேஞ்ச் என்று வந்தால் மாற்றத்தை நிகழ்த்து என்ற வினை. உளவியலில் உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு அஃபெக்ட் என்று ஒரு பெயர் உண்டு, அதில் அழுத்தம் முதல் அசையில் விழும். அலுவலகக் கடிதத்தில் இரண்டாவது வர வாய்ப்பே இல்லை.

ஒரே ஒலி, இரண்டு எழுத்துகள் என்ற வகையில் இட்ஸ்தான் முதலிடம். மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) போட்டது இட் இஸ் அல்லது இட் ஹேஸ் என்பதன் சுருக்கம். போடாதது அதனுடைய. விரித்துப் படித்துப் பாருங்கள், வாக்கியம் நின்றால் மேற்குறி வேண்டும். ஹிஸ், ஹெர் இரண்டுக்கும் மேற்குறி இல்லை என்பதை நினைத்தாலும் போதும். இந்த விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல; 17, 18ஆம் நூற்றாண்டு அச்சுகளில் அதனுடைய என்ற பொருளிலேயே மேற்குறியோடு காணலாம், பிற்பாடுதான் இது கெட்டிப்பட்டது. ஸ்டேஷனரியில் எழுதுபொருளுக்கு ஈ, நகராமல் நிற்பதற்கு ஏ. முன்பு புத்தகமும் தாளும் விற்றவருக்கு ஸ்டேஷனர் என்று பெயர், அதன் கடைசி ஈ-ஆர் தான் எழுதுபொருளில் இருக்கிறது. இப்படிப்பட்ட எழுத்து ஜோடிகளுக்கு நினைவுக்குறிப்பு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் எழுதும்போது ஒரு விநாடி நின்று யோசிக்கலாம். லெண்ட், பாரோ போன்றவற்றுக்கு நினைவுக்குறிப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். பேச்சின் நடுவில் அதைத் தேடி எடுப்பதற்குள் எதிரில் இருப்பவர் பேனாவோடு போய்விடுவார்.

சொல்லின் வால் மாறிப் பொருள் கவிழும் சில சொற்களையும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஐ வொர்க்ட் ஹார்ட் என்றால் கடுமையாக உழைத்தேன், ஐ ஹார்ட்லி வொர்க்ட் என்றால் வேலையே செய்யவில்லை என்ற அளவுக்கு வரும். லேட் தாமதம், லேட்லி சமீபகாலமாக. எ ஃபியூ என்றால் சில இருக்கின்றன, வெறும் ஃபியூ என்றால் போதுமான அளவு இல்லை. ஐ ஆம் போரிங் என்றால் என்னோடு இருந்தால் அலுப்பாக இருக்கும் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். போர்ட் என்று முடிய வேண்டும்.

மூன்றாம் வகையில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர், எண்ண முடியாதவற்றுக்கு லெஸ் என்பது பாடநூல் விதி. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தனக்கு இப்படி இருந்தால் நன்றாகப்படுகிறது என்று எழுதியதில்தான் இதன் வேர் இருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே லெஸ் இரண்டுக்கும் புழங்கியிருக்கிறது. தேர்விலும் முறையான கடிதத்திலும் விதியைப் பின்பற்றுங்கள், ஆனால் அடுத்தவர் லெஸ் என்று பேசினால் திருத்தப் போகாதீர்கள். ஃபார்தர், ஃபர்தர், டிஃபரண்ட் ஃப்ரம், டிஃபரண்ட் டூ எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். டவுட் என்பதும் இங்கேதான். ஐ ஹேவ் எ டவுட் என்று கேள்வி கேட்பதற்காகச் சொல்வது இந்திய ஆங்கிலத்தில் இயல்பு. வேறு நாட்டவர் நீங்கள் நம்பவில்லை என்று புரிந்துகொள்ளக்கூடும். அவர்களிடம் கொஸ்டியன் என்பது பாதுகாப்பானது.

இப்போது வேலைக்கு வருவோம். உங்களைப் போன்றவர் எழுதக்கூடிய மூன்று வரிகளை எடுத்துக்கொள்கிறேன். ஐ வில் செண்ட் த ரிப்போர்ட் விதின் ஃபைவ் ஓ கிளாக். த மேனேஜர் டோல்ட் தட் ஹி இஸ் வெயிட்டிங் ஃபார் இட் சின்ஸ் டூ டேஸ். ஹி வில் நாட் சைன் அன்டில் இட் இஸ் நாட் செக்ட். இதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, ஆகவே எழுத்துச் சரிபார்ப்பி எதையும் காட்டாது. முதல் வரியில் ஐந்து மணி ஒரு புள்ளி, ஆகவே பை ஃபைவ். இரண்டாம் வரியில் டோல்டுக்கு அடுத்து ஆள் இல்லை, ஆகவே செட். இரண்டு நாளாக என்பது நீளம், ஆகவே ஃபார் டூ டேஸ், அதோடு வினையும் ஹேட் பீன் வெயிட்டிங் என்று மாறும். மூன்றாம் வரியில் நாட் ஒன்று அதிகம். அன்டில் இட் இஸ் செக்ட். நான்கு திருத்தங்களிலும் அகராதிப் பொருளைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. அடுத்து என்ன சொல் வருகிறது, அது புள்ளியா நீளமா என்று மட்டும் பார்த்தோம்.

இதையே பழக்கமாக்க, கடைசியாக அனுப்பிய இருபது முப்பது மின்னஞ்சல்களைத் திறந்து உங்கள் பிழைகளை முழு வாக்கியமாக ஒரு நோட்டில் எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் சட்டகம் போய்விடும். நூறு ஜோடியில் பெரும்பாலானவை உங்களைத் தொந்தரவே செய்யவில்லை என்பது தெரியவரும். பொதுவாக ஒருவர் திரும்பத் திரும்பத் தவறுவது ஆறேழு ஜோடியில்தான். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையில் நிஜமாகவே தேவைப்படும் ஒரு சரியான வாக்கியத்தை அமைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று திரும்பச் சொல்லுங்கள். இந்த இடைவெளிகளைப் புனிதமாகக் கருத வேண்டாம், மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்ப எடுப்பதுதான் முக்கியம். ஜோடியின் இரண்டு பக்கமும் தனித்தனியாக உறுதியான பிறகு கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சியில் கலந்து போடுங்கள். அகராதி வாங்குவதென்றால் கற்பவர்களுக்கென்று எழுதப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். 1987இல் வந்த கோபில்ட் என்ற ஆங்கில அகராதி சொல்லின் விளக்கத்தையே முழு வாக்கியமாகக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அந்த வாக்கியத்தைப் பார்த்தாலே சட்டகம் தெரிந்துவிடும். ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த ஒரு வேலைக்கு உதவாது, லெண்டுக்கும் பாரோவுக்கும் கடன் என்றே தொடங்கும்.

அனுப்புவதற்கு முன் கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி உங்கள் பட்டியலில் உள்ள சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள். டோல்ட் என்று தேடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகும். இலக்கணம் பார்க்கும் செயலிகள் இட்ஸ் போன்றவற்றை ஓரளவு நன்றாகப் பிடிக்கின்றன. பை, அன்டில் இரண்டும் இலக்கணப்படி நின்றுவிடும் வாக்கியங்களில் நீங்கள் சொல்ல வந்தது எது என்று அவற்றுக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்த வழி எழுத்துக்கு விரைவில் பலன் தரும், பேச்சுக்கு அப்படி வராது. பேசும்போது திரும்பிப் பார்க்க இடமில்லை, விதி தெரிந்திருப்பது அங்கே பாதி உதவிதான். வாய்விட்டுச் சொன்ன வாக்கியங்களின் எண்ணிக்கைதான் மீதி. உங்கள் நான்கு ஜோடிகளில் சே, டெல்லை முதலில் எடுங்கள், அது ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் வரும். அடுத்து பை, அன்டில், கூடவே விதின். கெடு தேதி தவறாகப் போனால் வேலையே கெடும். லெண்ட், பாரோ மூன்றாவது. அஃபெக்ட், எஃபெக்ட் கடைசியில் இருக்கட்டும், அதைத் தேடல் பெட்டியே பார்த்துக்கொள்ளும்.